ஃபில்ஸும் பைசாவும் இன்ட்டும்

சி மொழியில் முழு எண்ணை இட்டுவைக்கும் கலம் 'இன்ட்' எனப்படும். இன்றைய கணினிகளில் அது பெரும்பாலும் 2,14,74,83,647 வரை கொள்கிறது. ஆயினும் 1989ஆம் ஆண்டுத் தரநிலை அதற்கு உறுதியளித்த குறைந்தபட்ச எல்லை 32,767 மட்டுமே. 'டர்போ சி'யில் அதுவே உச்சம்.

அத்தகைய கலத்தில் நம் சேமிப்பை ஃபில்ஸாக எழுதிப் பார்ப்போம்: 327 திர்ஹம் 67 ஃபில்ஸோடு இடம் தீர்ந்துவிடும். ஓமான் ரியாலுக்கு 1,000 பைசாவாதலால், அங்கே 32 ரியால் 767 பைசாதான்! மேலும் ஒன்று கூட்டினால் விளைவது யாதெனத் தரநிலை கூறவில்லை. பெரும்பாலும் −32,768 வந்து நிற்கும். சேமிப்பு கடனாய்த் தோன்றும்!

ஆகவே பணக்கணக்கிற்கு 'லாங்' கலத்தைக் கொள்கிறோம். அதற்கு உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்ச எல்லையே 2,14,74,83,647. ஃபில்ஸில் அது இரண்டு கோடித் திர்ஹத்திற்கும் மேல். பைசாவிலோ 21 இலட்சம் ரியால்தான். மஸ்கட்டின் பெருவணிகருக்கு அதுவும் போதாது.