வான் எரிக் வீட்டுச் சாபம்



வான் எரிக் மல்யுத்தக் குடும்பத்தைப் பற்றிய ‘தி அயர்ன் கிளா’ படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஆறு பிள்ளைகளில் ஐந்து பேர் தகப்பனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அது சாபம் இல்லாமல் வேறென்ன என்பது ஒன்று. எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த பொய்ச்சண்டைதானே, அதற்கா இத்தனை உயிர் என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னால் முதல் கேள்வி பாதி கரைந்துவிடும் என்பது என் எண்ணம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் உண்மைப் பெயர் ஜாக் அட்கிஸன். டெக்ஸஸ்காரர், கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். 1950களில் மல்யுத்தத்துக்கு வந்தபோது அமெரிக்காவில் உலகப் போரின் காயம் ஆறியிருக்கவில்லை. ஜெர்மன் வில்லனாக நின்றால் கூட்டம் கொதிக்கும், கொதிக்கிற கூட்டம் டிக்கெட் வாங்கும். அப்படித்தான் அவர் ‘ஃபிரிட்ஸ் வான் எரிக்’ ஆனார். எதிராளியின் நெற்றியை ஒரே கையால் கவ்விப் பிழிகிற பிடிதான் அவருடைய அடையாளம், படத்தின் பெயரும் அதுதான். கூடவே அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டு மேடையேறிய வால்டோ வான் எரிக் ஒரு கனடாக்காரர், எந்த உறவும் கிடையாது.

பொய்ச்சண்டை என்றீர்கள். யார் ஜெயிப்பது என்பது பேசிவைத்ததுதான். ஆனால் பலகைமேல் முதுகடித்து விழுவதில் பொய் இல்லை. வருடத்தில் பெரும்பாலான இரவுகள் அப்படி விழுந்தால் இடுப்பும் கழுத்தும் என்னவாகும்? வலி மாத்திரை விழுங்கினால்தான் மறுநாள் ஊருக்கு வண்டியேற முடியும். அந்தத் தலைமுறையின் பல பேரை மாத்திரைதான் கொண்டுபோனது, வான் எரிக் வீட்டோடு நிற்கவில்லை.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. நம்மூர்க் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வயலுக்குப் போய்விடுவார். அந்தக் கால அமெரிக்க மல்யுத்தத்தில் அரிதாரத்தைக் கழுவ அனுமதியே இல்லை. மேடையில் பகைவர்கள் என்றால் வெளியிலும் ஒரே காரில் போகக்கூடாது. ரகசியம் வெளியே தெரிந்தால் தொழில் போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். தெருவிலும் கடையிலும் சாவு வீட்டிலும் வேடத்தோடுதான் நடமாட வேண்டும்.

சாவு வீடு என்று சும்மா சொல்லவில்லை. மூத்த பையன் ஜாக் 1959இல் நயாகரா பக்கம் மின்சாரம் தாக்கி, உருகிய பனி தேங்கிய தண்ணீரில் விழுந்து இறந்தான். வயது ஆறு. அப்பா அப்போது வேறு ஊரில் சண்டைக்குப் போயிருந்தார். அது விபத்து. அதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தொழிலையும் சேர்த்து. இதற்குப் பின்னால் நடந்தவற்றுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஃபிரிட்ஸ் டெக்ஸஸ் திரும்பினார், டல்லஸில் போட்டிகளை நடத்துகிற முதலாளி ஆனார். வெறுக்கப்பட்ட ஜெர்மானியர் மெல்ல மெல்ல ஊர்ப் பெரிய மனிதரானார், பக்தியுள்ள கிறிஸ்தவர் என்றும் பெயரெடுத்தார். அவருடைய கோட்டை ஸ்போர்ட்டடோரியம் என்ற பழைய தகரக் கொட்டகை. அங்கே 1980களின் தொடக்கத்தில் நடந்தது மல்யுத்த வரலாற்றில் சின்ன விஷயமில்லை. பல கேமராக்கள், ரிங்கைச் சுற்றி மைக்குகள், வீரர் நுழையும்போது ராக் பாட்டு. இன்று டிவியில் நீங்கள் பார்க்கிற மல்யுத்தத்தின் பாதி அலங்காரம் அங்கே பழகியதுதான். நிகழ்ச்சி இஸ்ரேல் வரைக்கும் போய் அங்கேயும் இந்தப் பையன்கள் நட்சத்திரங்கள் ஆனார்கள்.

பையன்களும் அப்படி இருந்தார்கள். கெவின் வெறுங்காலோடு ரிங்கில் பறப்பவர். டேவிட் நெட்டை, மைக்கைப் பிடித்தால் கூட்டத்தைக் கட்டிப்போடுவார், தொழில் மூளையும் அவருக்குத்தான். கெரி வட்டு எறிதல் வீரர், சிலை மாதிரி உடம்பு. 1982 கிறிஸ்துமஸ் இரவில் உலகப் பட்டத்துக்காக ரிக் ஃபிளேரோடு கெரி கூண்டுக்குள் மோதினார். அதுவரை நண்பர்களாக இருந்த ‘ஃப்ரீபேர்ட்ஸ்’ குழுவின் டெரி கோர்டி கூண்டுக் கதவை அவர் தலையில் அறைந்து சாத்தினார். அந்த ஒரு கதவுச் சத்தத்தை வைத்து வருடக்கணக்கில் கொட்டகை நிரம்பியது. தொழில் தெரிந்தவர்கள் இன்றும் அந்த இரவை மரியாதையோடுதான் பேசுகிறார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் அங்கே விற்ற சரக்கு என்ன? சண்டை அல்ல, அந்தக் குடும்பம். அண்ணனுக்கு அடிபட்டால் தம்பி பழிவாங்க வருவான், தம்பிக்கு ஒன்றென்றால் அப்பா வருவார். குடும்பமே சரக்கு என்றான பிறகு அதில் ஒரு ஆள் குறைந்தால் என்ன செய்வது?

1984 பிப்ரவரி 10 அன்று டேவிட் டோக்கியோவில் ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார், வயது 25. குடல் அழற்சி என்று அறிவித்தார்கள், போதை மருந்து என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. மூன்று மாதம் முடிவதற்குள், மே 6 அன்று, டெக்ஸஸ் ஸ்டேடியத்தில் அவர் நினைவாகவே ஒரு பெரிய போட்டி. முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். கெரி ஃபிளேரை வீழ்த்தி உலகப் பட்டத்தை வென்றார், அரங்கமே அழுதது. 18 நாளில் ஜப்பானில் பட்டம் ஃபிளேரிடமே திரும்பிப் போனது. கெரி அன்று ரிங்கில் அழுதது நடிப்பில்லை. அதற்கு டிக்கெட் போட்டிருந்தார்கள், அதுதான் விஷயம்.

டேவிட்டின் இடத்துக்குத் தம்பி மைக்கைத் தள்ளினார்கள். கிட்டார் வாசிக்கிற பையன், கேமராவுக்குப் பின்னால் வேலை பார்க்க ஆசைப்பட்டவர். 1985இல் தோள்பட்டை அறுவைக்குப் பிறகு நச்சுத் தொற்று ஏறி 107 டிகிரி காய்ச்சலில் கிடந்தார். பிழைத்து எழுந்தாரே தவிர உடம்பும் பேச்சும் பழையபடி வரவில்லை. அப்படிப்பட்டவரை ‘வாழும் அதிசயம்’ என்று விளம்பரப்படுத்தி மறுபடி ரிங்கில் ஏற்றினார்கள். ஆள் போதாதென்று லான்ஸ் வான் எரிக் என்று ஒரு வெளியாளைச் சித்தப்பா மகனாக அறிமுகம் செய்து, பிறகு அவர் பிரிந்து போனதும் அது பொய் என்று அவர்களே சொன்னார்கள். ரசிகர்கள் இதை மன்னிக்கவில்லை. 1987 ஏப்ரலில் மைக் 23 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று வாரத்தில் அதே ஸ்டேடியத்தில் வருடாந்தர நினைவுப் போட்டி, டேவிட் பெயரோடு மைக் பெயரையும் சேர்த்து. கூட்டம் சில ஆயிரமாகச் சுருங்கியிருந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அப்பாவே ரிங்கருகில் சாகக்கிடப்பதுபோல் சுருண்டு விழுந்து நடித்தார். மூன்று பிள்ளைகளை அடக்கம் செய்த மனிதர், நான்காவதாகத் தன் சாவை விற்கப் பார்த்தார்! அந்தக் குடும்பத்தின் கதையில் என்னை நிலைகுலைய வைத்தது இந்த இடம்தான். படத்தில் இது இல்லை.

படத்தில் இல்லாத இன்னொன்று, கடைசித் தம்பி கிறிஸ். ஆளையே எடுத்துவிட்டார்கள். இன்னொரு சாவைப் படம் தாங்காது என்பது இயக்குநர் ஷான் டர்கின் சொன்ன காரணம். சினிமாக்காரராக அவர் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் சாபக் கேள்விக்குச் சரியான மறுப்பு கிறிஸ்தான். சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா, அதற்குக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தில் எலும்பு நொறுங்கிப்போன உடம்பு, உயரமும் இல்லை. சாதாரண அடியிலேயே எலும்பு முறியும். அவருக்கும் ரிங்தான் கனவு, ஏனென்றால் அந்த வீட்டில் ஆளாவதற்கு வேறு வழி காட்டப்படவில்லை. 1991 செப்டம்பரில், 22 வயது நிறைய சில வாரங்கள் இருக்கும்போது, அவரும் தற்கொலை செய்துகொண்டார்.

கெரிக்கு நடந்ததைப் படம் முன்பின்னாக மாற்றியிருக்கிறது. பட்டம் வென்ற இரவிலேயே மோட்டார் சைக்கிள் விபத்து வருவது திரைக்கதை. நிஜத்தில் விபத்து இரண்டு வருடம் கழித்து, 1986 ஜூனில். வலது பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் செயற்கைப் பாதத்தை பூட்ஸுக்குள் மறைத்துக்கொண்டு சண்டை போட்டார், சக வீரர்களுக்கும் தெரியாமல் குளிக்கும்போதுகூட பூட்ஸைக் கழற்றாமல். 1990இல் WWF மல்யுத்த நிறுவனத்துக்குப் போய் மிஸ்டர் பெர்ஃபெக்டிடமிருந்து இன்டர்கான்டினென்டல் பட்டத்தையும் பறித்தார். ஒரு பாதம் இல்லாமல்! உலகமே எழுந்து நின்று கைதட்ட வேண்டிய சாதனை, யாருக்கும் சொல்லக்கூடாத ரகசியமாக இருந்தது. வலிக்கு மருந்து, மருந்துக்கு வழக்கு, வழக்கில் சிறை என்ற நிலையில் 1993 பிப்ரவரியில் அவரும் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார். அம்மா டோரிஸ் அதற்கு முந்தைய வருடமே கணவரை விவாகரத்து செய்திருந்தார். ஃபிரிட்ஸ் 1997இல் புற்றுநோயில் இறந்தார்.

அந்த மனிதரை அரக்கன் என்று நான் சொல்லவில்லை. உயிரோடிருக்கும் ஒரே மகன் கெவின், அப்பாவை இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை. சாபம் என்ற பேச்சையும் அவர் ஏற்பதில்லை. சாபம் என்று சொல்லிவிட்டால் பரிகாரம் செய்துவிட்டு எழுந்து போய்விடலாம். யார் போட்டிக்குத் தேதி குறித்தார்கள், யார் அந்த விளம்பரத்தை எழுதினார்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடும்.

கடைசியில் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள், இவ்வளவுக்குப் பிறகும் கெவின் தன் பிள்ளைகளை எப்படி இந்தத் தொழிலுக்கு விட்டார் என்று. ஆமாம், ராஸ், மார்ஷல் இருவரும் ஜப்பானில் பழகி அதே வான் எரிக் பெயரில்தான் சண்டை போடுகிறார்கள். கெவின் டெக்ஸஸை விட்டு ஹவாய்க்குக் குடிபோய், அங்கே வளர்த்த பிள்ளைகள். மல்யுத்தம் ஒரு காட்சி என்பது இப்போது ஊரறிந்த செய்தி, அடிபட்டால் அடிபட்டது என்று சொல்லிவிட்டு உட்காரலாம். அதைவிட முக்கியமான வித்தியாசம், அவர்களுடைய அப்பா அவர்களுக்கு முதலாளி இல்லை. ஒரு சனிக்கிழமை இவர்கள் வரவில்லை என்றால் அந்த வீட்டில் எந்தக் கொட்டகையும் காலியாகாது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்