உருளும் இல்லம்

தொடர்வண்டிப் பாதை வருமுன் தென்னாட்டுப் பெருவழிகளில் நெடும்பயணத்துக்கு உதவியவை கூண்டு வண்டிகளே. வளைத்த மூங்கிலின்மேல் பாய் வேய்ந்த கூண்டு வெயிலையும் மழையையும் தடுத்தது. உள்ளே வைக்கோல் பரப்பிச் சமுக்காளம் விரித்தால் அதுவே படுக்கை. சாலையோரத்து மரநிழலில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினால் அதுவே சமையலறை.

மோட்டார் வண்டிகள் பெருகியபோது அமெரிக்க மக்களுக்கும் இத்தகைய கூண்டு ஒன்று தேவையாயிற்று. 1930ஆம் ஆண்டுகளில் பலர் தம் வீட்டுப் பட்டறையிலேயே சிறிய இழுவண்டிகளைச் செய்து, காரின் பின்னே பூட்டிச் சென்றனர். முன்புறம் உருண்டு திரண்டும், பின்புறம் சரிந்து ஒடுங்கியும் இருந்தமையால் அதற்குக் கண்ணீர்த்துளி வண்டி என்று பெயர் வந்தது. இவ்வடிவின்மேல் காற்று முட்டி நில்லாது வழுக்கிச் செல்லும். உள்ளே இருவர் படுக்க இடமுண்டு. பின்கதவை மேலே தூக்கினால் அடுப்பும் பாண்டங்களும் வெளியே நின்றபடி எடுத்தாளும் வகையில் அமைந்திருக்கும். பிளைவுட் பலகை 8 அடி நீளமும் 4 அடி அகலமுமாகக் கிடைப்பதால் இவ்வண்டிகள் பலவும் ஏறத்தாழ அந்த அளவிலேயே அமைந்தன. பலகையின் அளவே வீட்டின் அளவாயிற்று என்க.

ஆயினும் அதனுள் நிமிர்ந்து நிற்றல் இயலாது. கூரையை உயர்த்திக் கட்டினாலோ காற்றின் எதிர்ப்பு மிகும். பாரம் மேலேறி, வளைவுகளில் வண்டி கவிழவும் நேரும். இவ்விரு தேவைகளையும் இணக்க எழுந்ததே எழும்பு கூரை. ஓடும்போது அது தாழ்ந்து படிந்திருக்கும். நின்றபின் மேலே தள்ளி முட்டுக்கொடுத்தால், இடைவெளியைக் கித்தான் துணி சுவராக நின்று மறைக்கும்.

இவற்றினும் முதன்மையானது பாரத்தின் சமநிலை. மாட்டு வண்டி ஓட்டுவோர் இதனை நன்கறிவர். முன்பாரம் மிகுந்தால் காளையின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பும். இழுவண்டிக்கும் இதுவே விதி. அதன் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை முன்னுள்ள இணைப்பின்மேல் விழுதல் வேண்டும். குறைந்தால் வேகமாகச் செல்லுகையில் வண்டி பாம்புபோல் இருபுறமும் நெளியும். இழுக்கும் காரையும் சாலையினின்று தள்ளிவிடும்.

இத்தகைய வண்டியைத் தாம்பரத்தில் ஒருவர் செய்யப் புகுந்தால் அமெரிக்க அமைப்பை அப்படியே பின்பற்றுதல் ஆகாது. சித்திரை வெயிலில் ஒற்றைத் தகட்டுக் கூரை அடுப்பாகிவிடும். காற்று இடையே புகுமாறு இரட்டைக் கூரை வேண்டும். எதிரெதிரே சாளரங்களும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கித்தானின் தையல்வாய் வழியே நீர் கசியும். வெள்ளத்தையும் எண்ணாதிருத்தல் இயலாது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளைச் சூழ, மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. உருளும் வீடாயின் எச்சரிக்கை கேட்டவுடனே மேட்டுநிலத்துக்கு இழுத்துச் செல்லலாம். நீர் சூழ்ந்தபின் இழுக்க முயல்வது பேதைமை. இலேசான வண்டியை ஓடும் நீர் எளிதில் மிதக்கச் செய்துவிடும்.

பொழுதுபோக்கிற்குப் பிறந்த இக்கலை, வீடற்றோருக்குப் பயன்படுமா என்று எண்ணினார் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அருண் பிரபு என்னும் இளைஞர். சென்னையில் கட்டடக்கலை பயின்ற அவர் குடிசைப்பகுதி வீடுகளை ஆராய்ந்தார். மக்கள் அரும்பாடுபட்டுப் பணம் சேர்த்துக் கட்டிய சிறு வீடுகளில் கழிப்பறைக்கு இடமில்லாமை அவர் உள்ளத்தை உறுத்தியது. இடம் குறைவா, இடத்தைப் பயன்படுத்தும் வகை குறைவா? இவ்வினாவிற்கு விடையாக 2019ஆம் ஆண்டில் ஓர் ஆட்டோவின்மேல் 36 சதுர அடியில் அவர் ஒரு வீட்டை அமைத்தார். செலவு ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாய். இடிக்கப்பட்ட கட்டடங்களிலிருந்தும் பழைய வண்டிகளிலிருந்தும் கழிக்கப்பட்ட பொருள்கள் பல அதற்குப் பயன்பட்டன. கூடம், படுக்கை, சமையலறை, குளியலிடம், கழிப்பறை ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கின. 600 வாட் சூரிய மின்தகடுகள் விளக்கெரிய உதவின.

நீர்த்தொட்டி 250 லிட்டர் கொள்வது. அது நிறைந்தால் நீரின் எடை மட்டுமே 250 கிலோ. ஆட்டோவுக்கு இது சிறு சுமையன்று. கழிவை ஏற்க 70 லிட்டர் கலம் ஒன்று வைக்கப்பட்டது. அளவோடு செலவிட்டாலும் முதலாவதை நிரப்பவும், இரண்டாவதைத் தூய முறையில் வெறுமையாக்கவும் வண்டி நிற்கும் ஊரில் ஓரிடம் இருந்தாக வேண்டும்.