கழற்றிய மோதிரம்

அன்புள்ள ஸ்டீபனுக்கு,

மத்தேயுவைத் திறந்ததுமே இயேசுவின் முன்னோர் பெயர்ப் பட்டியலாக இருக்கிறதே, அதைத் தாண்டிப் போகலாமா என்று கேட்டிருந்தாய். தாண்டாதே. அந்த 17 வசனங்களில் ஒரே ஒரு பெயரைப் பிடித்துக்கொள்: எகொனியா.

இராஜாக்கள் புத்தகம் இவனை யோயாக்கீன் என்கிறது. எரேமியா கோனியா என்கிறார். 18 வயதில் அரசனானான். ஆண்டது மூன்றே மாதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சாரிடம் தாயோடு சரணடைந்து பாபிலோனுக்குக் கைதியாகப் போனான். அவனைப் பற்றி எரேமியா 22ஆம் அதிகாரத்தில் வரும் தீர்ப்பு கடுமையானது. கர்த்தருடைய வலதுகை முத்திரை மோதிரமாகவே இருந்தாலும் அவன் கழற்றி எறியப்படுவான். அவன் சந்ததியில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் நிலைக்கமாட்டான். பிள்ளையில்லாதவன் என்றே அவனை எழுதிவைக்க வேண்டும்.

ஆனால் பிள்ளைகள் இருந்தார்கள். பாபிலோன் இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளில் அரண்மனைக் கணக்கன் ஒருவன், யூதாவின் அரசனுக்கும் அவன் மகன்கள் ஐந்து பேருக்கும் அளந்து கொடுத்த எண்ணெயைக் குறித்துவைத்திருக்கிறான். சிங்காசனம் போய்விட்டது, படி அளக்கிறவன் அந்நியன், வம்சம் மட்டும் அறுந்துபோகவில்லை.

கி.மு. 520க்கு வா. சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனங்களுக்குத் தலைவன் செருபாபேல், அதே எகொனியாவின் பேரன். அவனிடம் ஆகாய் தீர்க்கதரிசி சொல்லும் வார்த்தையைப் பார்: கர்த்தர் அவனை முத்திரை மோதிரமாக வைப்பார். தாத்தாவின் காலத்தில் கழற்றிய மோதிரம் பேரனின் காலத்தில் விரலுக்குத் திரும்புகிறது.

இங்கே ஒன்றைக் கவனி. செருபாபேல் அரசனாகவில்லை. பெர்சிய அரசன் தரியுவின் கீழ் வெறும் அதிபதி. எரேமியா சொன்னது பொய்க்கவில்லை, ஆனாலும் கர்த்தர் அந்தக் குடும்பத்தைக் கைவிடவில்லை. போன சிங்காசனம் திரும்பவில்லை. போன உறவு திரும்பியது. ஆலயத்தைத் திரும்பக் கட்டும் வேலை அந்தக் கையில்தான் கொடுக்கப்பட்டது. ஆத்தும சீரமைப்பு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பாவத்தின் விளைவு சிலது தங்கிவிடும். தேவன் நம்மைப் பயன்படுத்துவது அதனால் நின்றுபோவதில்லை.

மத்தேயு நினைத்திருந்தால் எகொனியாவை விட்டிருக்கலாம். பதினான்கு பதினான்கு தலைமுறையாக வகுத்த பட்டியலில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று அரசர்களை விட்டவர்தானே அவர்! எகொனியாவையோ பெயர் சொல்லியே எழுதினார். பாபிலோன் சிறையிருப்பை நான்கு முறை குறிப்பிட்டார். பத்சேபாளைக்கூட ‘உரியாவின் மனைவி’ என்றே சுட்டி, தாவீதின் குற்றத்தையும் வரிசையிலேயே வைத்தார். குடும்பப் பெருமைக்காக எழுதுகிறவன் இதையெல்லாம் மறைத்திருப்பான். மேசியா எந்த வழியாக வந்தார் என்று காட்ட வந்தவர் மறைக்கவில்லை.

செருபாபேலுக்குப் பின் அபியூத் முதல் யாக்கோபு வரை வருகிறவர்களின் கதை பழைய ஏற்பாட்டில் இல்லை. முடி சூடாத, போர் வெல்லாத அந்தத் தலைமுறைகளைத் தாண்டித்தான் யோசேப்பு வருகிறான்.

இந்த வாரம் எரேமியா 22, ஆகாய் 2, மத்தேயு 1 மூன்றையும் இதே வரிசையில் ஒரே மூச்சில் வாசி. வாசித்த பிறகு உன் வாழ்க்கையில் எதை ‘முடிந்துபோனது’ என்று எழுதி மூடிவைத்திருக்கிறாய் என்று யோசித்து, எனக்கு எழுது.

அன்புடன்,
உன் சித்தப்பா