நீர்மூழ்குவோன் சுமக்கவேண்டிய பாரம்

மன்னார்க் குடாக்கடலில் முத்துக்குளித்தல் நடைபெற்ற காலத்தில், குளியாள் கயிற்றிற் கட்டிய கனத்த கல்லொன்றில் காலை ஊன்றிக் கடலின் அடியை விரைவில் அடைவான். அடைந்தவுடன் கல்லை விட்டுவிடுவான்; தோணியிலுள்ளோர் அதனை மேலே இழுத்துக்கொள்வர். ஒரே மூச்சில் வேலையை முடிக்கவேண்டியவனுக்கு விரைந்து தாழ்வதே நோக்கமாதலின், கல்லின் கனம் அவனுக்குப் பேருதவியாயிற்று.

காற்றடைத்த கலத்தை முதுகிற் சுமந்து, நீருள் சுவாசித்துக்கொண்டே உலாவும் முறைக்கு ஸ்கூபா என்று பெயர். 1943-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் கூஸ்தோ, காஞ்யான் என்னும் இருவர் இதற்கேற்ற கருவியொன்றை இயற்றினர். இம்முறையில் மூழ்குவோனும் அரையில் ஈயக்கட்டிகளைக் கட்டிக்கொள்கிறான். ஆயின் அவன் விரும்புவது தாழாமலும் எழாமலும் நீரினிடையே நிற்றலாம். இவ்வேற்றுமையை உணராதார் ஈயத்தை வேண்டுமளவிற்கு மேல் சுமந்து இடருக்குள்ளாகின்றனர். ஆதலின் வேண்டுமளவு யாது என்பதை ஆராய்வோம்.

நீருள் அமிழ்ந்த பொருளை, அது விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கித் தள்ளும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. பொருளின் எடை அவ்விசையினும் மிகுந்தால் அது தாழும், குறைந்தால் மிதக்கும், ஒத்தால் இருந்த இடத்தே நிற்கும். மனித உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீரினுடையதே. மூழ்குவோன் அணியும் ரப்பர் உடையோ நுண்ணிய வாயுக்குமிழிகள் நிறைந்ததாதலால் அவனை மிதக்கச் செய்கிறது. அம்மிதப்பை ஈடுசெய்தற்கே ஈயம் வேண்டப்படுகிறது.

முதலாவது, நீரின் வேறுபாடு. கடல்நீர் நன்னீரினும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமுடையது. நீச்சற் குளத்தில் சரிநிலையில் நிற்கும் ஒருவனுடைய எடை, கருவிகளும் ஈயமும் உட்பட, 90 கிலோகிராம் என்று கொள்வோம். அவன் விலக்கும் நன்னீரின் எடை 90 கிலோகிராம். அதே அளவுள்ள கடல்நீரின் எடை 92.25 கிலோகிராம். எனவே கடலில் 2.25 கிலோகிராம் குறைகிறது. ஈயமும் நீருள் தன் எடையில் பதினோரில் ஒரு பங்கை இழப்பதால், அவன் கூட்டவேண்டியது ஏறக்குறைய 2.5 கிலோகிராம்.

இரண்டாவது, காற்றின் எடை. காற்றுக்கு எடை உண்டென்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 11 லிட்டர் கொள்ளும் கலத்தில் 200 மடங்கு அமுக்கத்தில் அடைத்த காற்று, வெளியே 2,200 லிட்டராகும். ஒரு லிட்டர் 1.2 கிராமாகக் கணக்கிட்டால் 2.64 கிலோகிராம். அமுக்கம் 50 மடங்காகக் குறையும்போது, செலவான 1,650 லிட்டரின் எடை ஏறக்குறைய 2 கிலோகிராம். எனவே தொடக்கத்தில் சரியாக நின்றவன் முடிவில் 2 கிலோகிராம் இலேசாகி மிதப்பான். ஈயத்தை முடிவு நிலைக்கே கணக்கிடவேண்டும் என்பது இதனால் பெறப்படும். தொடக்கத்திலுள்ள மிகுதியை, அணிந்துள்ள சட்டையிற் சிறிது காற்றேற்றிச் சரிசெய்துகொள்ளலாம்.

மூன்றாவது, மூச்சு. நெஞ்சிற் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் மிதப்பைத் தரும். புதிதாகப் பயில்வோர் அச்சத்தால் மூச்சை முற்றும் வெளிவிடாமல், "நான் தாழவில்லை, இன்னும் ஈயம் தாருங்கள்" என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு வேண்டுவது ஈயமன்று, அமைதி.

இனிச் சோதிக்கும் முறை. கலத்தில் 50 மடங்கு அமுக்கமே எஞ்சியிருக்க, சட்டையிலுள்ள காற்றை முற்றும் போக்கி, நீர்மட்டத்தில் அசையாமல் நிமிர்ந்து நிற்கவேண்டும். வழக்கமான மூச்சை உள்ளிழுத்து நிறுத்தும்போது நீர் கண்ணளவில் நிற்கவேண்டும். மூச்சை விட்டால் மெல்லத் தாழவேண்டும். நிறைந்த கலத்தோடு சோதித்தால், கண்ட அளவோடு 2 கிலோகிராம் கூட்டுக. உடை, கலம், நீர் ஆகியவற்றுள் ஒன்று மாறினும் மறுபடியும் சோதிக்கவேண்டும்.

ஈயம் குறைந்தால் யாது தீங்கு? மேலேறும்போது 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி, உடலிற் கரைந்த நைட்ரஜனைப் போக்கவேண்டும். ஈயம் குறைந்தவன் அங்குத் தங்கமாட்டாமல் மேலே இழுக்கப்படுவான். மிகுந்தாலோ, அதனைத் தாங்கச் சட்டையில் மிகுதியான காற்றை ஏற்றவேண்டும். 1662-இல் பாயில் வெளியிட்ட விதிப்படி, 10 மீட்டர் ஆழத்திலுள்ள காற்று நீர்மட்டத்தை அடையும்போது இருமடங்காகப் பெருகும். சட்டையிலுள்ள காற்று மிகுதியானால் அப்பெருக்கமும் மிகுதியாகி, அவனை அடக்கமுடியாத வேகத்தில் மேலே தூக்கும். அப்போது அவன் மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்து உயிருக்கே இறுதி நேரலாம். தாழ்வதற்கென்று மிகுதியாகச் சுமந்த ஈயமே அவன் மேலெழும் வேகத்திற்குக் காரணமாவது வியப்பன்றோ!

இடுக்கண் நேர்ந்தவிடத்து ஈயத்தை ஒரே இழுப்பில் கழற்றிவிடக் கூடியவாறு கட்டிக்கொள்ளுதலும் இன்றியமையாதது. குளியாள் தன் கல்லை விடவேண்டிய இடத்தை அறிந்திருந்தான். ஸ்கூபா பயிலும் மாணவரும் தம் பாரத்தின் அளவையும், அதனை விடவேண்டிய வேளையையும் கரையிலேயே அறிந்துகொண்டு நீரில் இறங்குவாராக.