பிள்ளைகளுக்கு யாரைக் காட்டுவோம்?



உனக்கு யாரைப்போல ஆக ஆசை என்று ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளைக் கேட்டால், தி. நகர் சுவரொட்டிகளில் சிரிக்கும் நடிகர்களையும் கிரிக்கெட் வீரர்களையும் சொல்லுகிறார்கள். உடனே நாம் மிஷனெரிமார் பெயர்களை எடுத்துக்கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் பிள்ளைகளுக்கு அவர்கள் பழைய புகைப்படங்கள்.

நமக்கு அருகிலேயே ஒருவர் வாழ்ந்தார்: 1927-ல் மயிலாப்பூரில் பிறந்த டாக்டர் வி. சாந்தா. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியது. மறு ஆண்டே, எழும்பூர் அரசு மருத்துவமனையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு அவர் அங்கே சேர்ந்தார். புற்றுநோய் என்றாலே சாவு என்று ஜனங்கள் பயந்த காலம் அது. மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்தார். பணமில்லாதவருக்கும் அதே சிகிச்சை வேண்டும் என்று உறுதியாய் நின்றார். 2021 ஜனவரியில், 93-ஆம் வயதில் காலமானார்.

“அவர் கிறிஸ்தவர் அல்லவே!” நாமும் அப்படித்தான் தயங்கினோம். பிறகு லூக்கா 10-ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தோம். நியாயசாஸ்திரிக்கு ஆண்டவர் காட்டிய மாதிரி யார்? ஆசாரியனல்ல, லேவியனல்ல, யூதர் ஒதுக்கிவைத்த சமாரியன். அவனுடைய ஆராதனை முறையை அவர் மெச்சவில்லை. காயங்கட்டிய இரக்கத்தைக் காட்டி, அப்படியே செய்யச் சொன்னார். நம் இரட்சகர் ஒருவரே. அவரே பிறர் இரக்கத்தைச் சுட்டிக்காட்டும்போது, பிள்ளைகளிடம் நாம் ஏன் அதை மறைக்கவேண்டும்?

அடுத்தமுறை அடையாறு வழியாய்ப் பேருந்தில் போகையில் அந்த மருத்துவமனையைக் காட்டி, 12 படுக்கைகளின் கதையைச் சொல்லுங்கள். மீதியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.