தாத்தாவின் சாகா

எங்கள் வீட்டு மாமரத்தடியில் ஒரு புரோட்டோன் சாகா மகிழுந்து பன்னிரண்டு ஆண்டுகளாக அசையாமல் நின்றது. தோட்டத்தில் லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் தாத்தா 1986ஆம் ஆண்டு வாங்கியது அது. கண்பார்வை மங்கியதும் அவர் ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். அதன்பின் அது காய்ந்த இலைகளுக்கும் பூனைக்குட்டிகளுக்கும் வீடாகிப் போனது.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து விலை பேசினார். அப்பாவும் சம்மதித்தார். தாத்தா எதுவும் பேசவில்லை. ஆனால், அன்றிரவு அவர் சோற்றைத் தொடவே இல்லை. அதைக் கவனித்த மாமா, "ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், அத்தான். நானும் பிள்ளைகளும் முயன்று பார்க்கிறோம். முடியாவிட்டால் விற்றுவிடலாம்," என்றார். மாமா வாகனப் பட்டறையில் வேலை செய்பவர்.

அந்தச் சனிக்கிழமையே வேலை தொடங்கியது. "கழற்றுவது எளிது, திரும்ப மாட்டுவதுதான் கடினம்," என்று மாமா முதலிலேயே எச்சரித்தார். எதைக் கழற்றினாலும் அதற்குமுன் படம் எடுக்க வேண்டும். திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுத வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு. பேட்டரியின் எதிர்மின் முனையை முதலில் கழற்றினோம். பிறகு ஜாக்கால் மகிழுந்தைத் தூக்கி, நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் நிறுத்தினோம். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் வாகனத்தின் அடியில் போகக்கூடாது என்பது மாமாவின் கண்டிப்பான கட்டளை.

வேலைக்கு நடுவே தாத்தா நாற்காலியில் அமர்ந்து கதை சொல்வார். ஷா ஆலாம் தொழிற்சாலையில் உருவான சாகா, 9 ஜூலை 1985 அன்று அறிமுகம் கண்டது. அது நம் நாட்டின் முதல் தேசிய மகிழுந்து. அதன் வடிவமைப்புக்கு ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே அடிப்படையாக இருந்தது. சாகா என்பது ஒரு மரத்தின் பெயர். தமிழில் அதை மஞ்சாடி என்பர். அதன் சிவப்பு விதைகளைக் கொண்டு அக்காலப் பொற்கொல்லர்கள் தங்கத்தை எடை போட்டார்கள். "ஒரு விதைக்கும் மறு விதைக்கும் எடை அவ்வளவாக மாறாது. அதனால்தான் நம்பினார்கள்," என்றார் தாத்தா.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, அந்தத் துளைகளின் வழியாக மெல்லிய எண்ணெயை ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டோம். அடுத்த சனிக்கிழமை மாமா ஸ்பேனரைப் போட்டு மெல்லத் திருப்பினார். அசையவில்லை. "பலத்தைக் காட்டினால் உள்ளே ஏதாவது உடையும். இன்னும் ஊறட்டும்," என்றார். மூன்றாம் வாரம் அது விரற்கடை அளவு நகர்ந்தது. அண்ணன் துள்ளிக் குதித்தார்.

பழைய பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருந்தது. அதைப் பிரித்துக் கழுவினோம். ரப்பர் குழாய்களையும் டைமிங் பெல்ட்டையும் மாற்றினோம். வடித்த எஞ்சின் எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் கலனில் சேர்த்து, மாமாவின் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினோம்.

இலைகள் வடிகால் துளைகளை அடைத்திருந்ததால், உள்ளே நீர் தேங்கித் தரைத்தகடு துருப்பிடித்திருந்தது. மேலே பூசி மறைத்தால் துரு அடியில் பரவிக்கொண்டே இருக்குமாம். ஆகவே, மாமா அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைத்தார். நாங்கள் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புச் சாயம் பூசினோம்.

தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள் மாலை எஞ்சினை முடுக்கினோம். அது இருமிவிட்டு அடங்கியது. நான் எடுத்த படத்தைப் பார்த்தபோது, இரண்டு பிளக் கம்பிகள் இடம் மாறியிருந்தது தெரிந்தது. 1, 3, 4, 2 என்ற தீப்பொறி வரிசைப்படி அவற்றை மாட்டியதும் எஞ்சின் உறுமி எழுந்தது.

"நாளைக்குத் தாத்தாவை ஏற்றிக்கொண்டு வீடமைப்புப் பகுதியை ஒரு சுற்றுச் சுற்றலாம், மாமா!" என்றார் அண்ணன். மாமா என்னை அமரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதி சிறிது நேரம் தாங்கி, பின் மெல்லக் கீழே இறங்கியது. பின்சக்கரத்தில் பிரேக் எண்ணெய் கசிந்திருந்தது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. நாளடைவில் உட்பாகங்களை அதுவே துருப்பிடிக்கச் செய்யும்.

"மெதுவாகத்தானே ஓட்டப் போகிறோம்?" என்று அண்ணன் கெஞ்சினார். "தாத்தாவுக்காகத்தானே இவ்வளவு நாள் உழைத்தோம்?"

"அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஓடாத வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை. நிற்காத வண்டியால்தான் ஆபத்து. மேலும், சாலை வரியும் காப்புறுதியும் இன்னும் எடுக்கவில்லையே," என்றார் மாமா.

பிறந்தநாள் வந்து போனது. சாகா தாங்கிகளின் மேலேயே நின்றது. அண்ணன் இரண்டு நாள் மாமாவிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால், மூன்றாம் நாள் பிரேக் குழாயைக் கழற்ற முதலில் வந்து நின்றவர் அவர்தான்.

ஐந்து வாரங்களுக்குப் பிறகு, எல்லாச் சோதனைகளும் முடிந்து, உரிய ஆவணங்களும் கைக்கு வந்தன. மாமா ஓட்ட, தாத்தா அருகில் அமர்ந்தார். மாமரத்தடியிலிருந்து சாகா மெல்ல நகர்ந்தது. அப்பா வாசற்கதவை அகலத் திறந்து பிடித்திருந்தார். தாத்தா கண்களை மூடி எஞ்சின் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் அவர் வாயிலிருந்து ஒரு பாராட்டை எதிர்பார்த்தோம்.

"வால்வு கொஞ்சம் தட்டுகிறதே, தம்பி. இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும்," என்றார்.

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமைக்கும் எங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது.