கெப்பின் பின்கதவும் தேங்காயெண்ணெயும்

ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் கெப்பின் பின்கதவு திறக்க மறுத்தால், முதலில் தேடப்படுவது தேங்காயெண்ணெய்ப் போத்தல்தான். எண்ணெய் விட்டால் எந்தக் கொண்டியும் இளகும் என்பது பழைய நம்பிக்கை. தலையில் தேய்க்க அதே போத்தலை வெயிலில் வைத்து உருக்குகிறோம். கொண்டிக்குள் போனது மட்டும் உறையாமல் இருக்குமா? தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹப்புத்தளையின் காலைக் குளிர் அதற்குத் தாராளமாகப் போதும். மத்தியானம் இளகிய கொண்டி மறுநாள் காலை மெழுகு வைத்து அடைத்ததுபோல் நிற்கும். நாள்பட்டால் எண்ணெய் பிசினாகவும் மாறும்.

கழித்த எஞ்சின் ஒயில் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது உறையாது, ஆனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேயிலை மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடும் டொலமைட் மாவு அந்த ஒயிலில் விழுந்தால் அரைத்த விழுதுதான். பசளை இன்னும் மோசம். பொட்டாஷில் இருக்கும் குளோரைட் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். கிழிந்த சாக்கிலிருந்து சிந்தியது கதவின் இடுக்குகளில்தான் போய்த் தங்கும். பசளை ஏற்றி இறக்கிய அன்றே தண்ணீர் அடித்துக் கழுவிக் காயவிடுவது பாதி வைத்தியம். மீதிக்கு, துரு இளக்கும் ஸ்பிரே அடித்துத் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் பூசினால் போதும். ஸ்பிரேயோடு நிறுத்திவிடக் கூடாது. டபிள்யூடி-40 என்ற ஸ்பிரேயின் பெயரே நீரை விரட்டும் 40ஆவது முயற்சி என்பதிலிருந்து வந்தது. அது 1953இல் பிறந்த கலவை. கிரீஸ் செய்யும் வேலையை அதனிடம் எதிர்பார்ப்பது நம் தவறு.

“கைப்பிடி போச்சு, புதுசு வாங்கணும்” என்பது அடுத்த நம்பிக்கை. பெரும்பாலான கெப்களில் கைப்பிடி கதவின் நடுவில் இருக்கிறது. கதவைப் பிடித்து வைப்பவை இரண்டு ஓரத்திலும் உள்ள கொண்டிகள். இடையில் இரண்டு மெல்லிய கம்பிகள், அவற்றின் முனையில் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கிளிப்புகள். ஒரு பக்கம் மட்டும் திறந்து மறுபக்கம் நின்றால் முதல் சந்தேகம் அந்தக் கிளிப்பின் மேல்தான் விழ வேண்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அதுவரை பழைய கெப்களே மலை ஏறி இறங்கின. வெயிலும் குளிரும் பட்டுக் காய்ந்த அந்தப் பிளாஸ்டிக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதை உடைப்பது பெரும்பாலும் நம் கைதான். திறக்காவிட்டால் பலமாக இழு என்கிறார்களே, அதுதான் இவற்றில் மிகக் கெட்ட யோசனை. பசறை, லுணுகலைப் பாதையில் சமதரையில் வண்டியை நிறுத்துவது அபூர்வம். மூக்கு மேட்டைப் பார்த்தபடி நின்றால் சாக்குகள் அத்தனையும் பின்னால் சரிந்து கதவில் சாயும். அந்தப் பாரத்தைத் தாங்கும் கொண்டி எப்படி விலகும்? கதவை இடுப்பால் உள்ளே ஒரு தள்ளுத் தள்ளிக்கொண்டு கைப்பிடியைத் தூக்கிப் பாருங்கள். பாரம் அதிகமென்றால் வண்டியைத் திருப்பி மூக்கைப் பள்ளத்துக்கு வைத்து, டயருக்குக் கல் போட்டுவிட்டுத் திறக்கலாம். ஒரு சக்கரம் கானுக்குள் இறங்கியிருந்தாலும் தொட்டி லேசாக முறுகிக் கொண்டியை இறுக்கும்.

அறைந்து சாத்தினால் சரியாகும் என்பவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. கதவு திறந்திருக்கும்போதே கொண்டியின் வாயை ஸ்குரூ ட்ரைவரால் மூடிவிட்டுக் கைப்பிடியை இழுங்கள். இரண்டு பக்கமும் சட்டென்று விடுபடாவிட்டால் கதவைச் சாத்தவே வேண்டாம்.

சாத்திய பிறகுதான் மாட்டிக்கொண்டதா? கட்டரால் வெட்ட வேண்டியதில்லை. சாமான்களைப் பக்கவாட்டில் இறக்கிவிட்டுத் தொட்டிக்குள் ஏறினால், பல மாடல்களில் கதவின் உள்முகத்தில் தகடொன்று போல்ட்டுகளால் பூட்டியிருக்கும். அதைக் கழற்றிக் கம்பிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக நடுப்பக்கம் இழுக்க, கொண்டிகள் விடும். அந்நேரம் வெளியே யாரும் கதவுக்குக் கீழே காலை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. அது சொல்லிக்கொண்டு விழாது.